வாணம் விட்ட கணக்கு – 9: பரவூரின் ஏழே முக்கால் ஏக்கர்

சென்ற வாரம் பாரிசில் நிறுத்தினோம். 1770 மே 30. பிற்காலத்தில் பதினாறாம் லூயி ஆகப்போகிற இளவரசனுக்கும் மரி அந்துவானெத்துக்கும் நடந்த கல்யாணத்துக்காக நகரம் வைத்த வாணவேடிக்கை. அன்று வாணம் சுட்டுச் செத்தவர்கள் குறைவு. வேடிக்கை முடிந்து வீட்டுக்குத் திரும்பிய கூட்டம் குறுகலான தெருவில் நெரிந்து, வேலை முடியாமல் கிடந்த பள்ளங்களில் விழுந்து, ஒருவரை ஒருவர் மிதித்துச் செத்ததுதான் அதிகம். அரசுக் கணக்கு 132 பேர். இளவரசன் தன் மாதப் படியை அப்படியே எடுத்துக் கொடுத்தனுப்பினான்.

வாணத்துக்கு எவ்வளவு, மேடைக்கு எவ்வளவு, விளக்குக்கு எவ்வளவு என்று அந்த விழாவில் எல்லாவற்றுக்கும் செலவு எழுதியிருந்தார்கள். கூட்டம் நிற்கவும் கலையவும் வேண்டிய இடத்துக்கு யாரும் எழுதவில்லை.

அந்த எழுதாத செலவை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் சுமார் 246 ஆண்டுகள் தாண்டி வருகிறோம். ஊரும் நமக்குப் பக்கத்து ஊர்தான்.

கொல்லத்துக்கும் வர்க்கலைக்கும் நடுவே

கொல்லத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு ரயிலில் போனால் வர்க்கலைக்கு முன்னால் பரவூர் வரும். கடலும் காயலும் தென்னையும், அவற்றுக்கு நடுவே நெருக்கமாக வீடுகளும். அங்கே இருக்கிறது புற்றிங்கல் தேவி கோயில். மீன மாதத்துப் பரணியில் திருவிழா. அந்தத் திருவிழாவின் உயிர்நாடி இரவு முழுக்க நடக்கும் கம்பம். நம் ஊரில் வாணவேடிக்கை என்போமே, அதுதான்.

ஆனால் நம் ஊர் வாணவேடிக்கைக்கும் அதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அது போட்டி. இரண்டு வாணக்காரர்கள், இரண்டு பக்கம். ஒருவர் விட்டதும் மற்றவர் விடுவார். யாருடையது உயரம், யாருடையது நிறம், எல்லாவற்றுக்கும் மேலாக யாருடையது சத்தம். 2016-ல் ஒருவர் கழக்கூட்டத்துக்காரர். இன்னொருவர் வர்க்கலைக்காரர். தீர்ப்பு சொல்ல நடுவர் தேவையில்லை. கூட்டத்தின் விசிலே போதும்.

அந்த மாவட்டத்துக்கு வெடி ஆபத்து புதிதில்லை. 1990 மார்ச்சில் அதே கொல்லம் மாவட்டத்து மலநடைக் கோயிலில் வெடி விபத்து நடந்து பலர் இறந்தார்கள். அதற்கு முன் 1952 மகரவிளக்கு நாளில் சபரிமலையில் வெடிமருந்து வெடித்து அறுபதுக்கும் மேற்பட்ட பக்தர்கள் இறந்தார்கள். இரண்டும் கேரளத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதைகள். தெரிந்துதான் 2016 வந்தது.

உபயம் யாருடையது?

பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு, திருத்தணி என்று எங்கள் பக்கத்துத் தறி ஊர்களில் திருவிழா நோட்டீஸ் அடித்தால் அதில் பந்தலுக்கு ஓர் உபயதாரர், பூ அலங்காரத்துக்கு ஓர் உபயதாரர், நாதஸ்வரத்துக்கு ஒருவர், வாணவேடிக்கைக்கு ஒருவர் என்று பெயர்கள் வரிசையாக இருக்கும். மீதியை வீட்டுக்கு இவ்வளவு, தறிக்கு இவ்வளவு என்று வரி போட்டு வசூலிப்பார்கள். வாணவேடிக்கை உபயத்துக்குத் தனி கௌரவம். அன்னதானம் செய்தவர் பெயர் சாப்பிட்டவர்களுக்குத்தான் தெரியும். வாணம் விட்டவர் பெயரைச் சுற்றுப்பட்டு ஊரே கேட்கும்.

கேரளத்துப் போட்டிக் கம்பத்தில் இந்த கௌரவம் இரண்டு மடங்கு. பணம் கொடுப்பவருக்கு மட்டுமில்லை, வாணக்காரருக்கும் அது பிழைப்பு. சீசன் என்பது சில மாதங்கள்தான். ஓர் ஊரில் பேர் எடுத்தால் அடுத்த ஊர் கூப்பிடும். தோற்றால் அடுத்த வருஷம் அந்த ஊர்ப் பக்கமே போக முடியாது. ஆகவே பேசிய தொகைக்கு மேலேயே அவர் சரக்கு இறக்குவார். இறக்கிய சரக்குக்கு ஏற்ற ஆள், கொட்டகை, வண்டி எல்லாவற்றிலும் எங்காவது மிச்சம் பிடித்தாக வேண்டும்.

மிச்சம் பிடிக்கிற இடங்களில் முதலாவது மருந்து.

பழைய வெடிமருந்து மூன்று சரக்கு. வெடியுப்பு, கந்தகம், கரி. நிறத்துக்கு உலோக உப்புகள் சேரும். ஸ்ட்ரான்சியம் சிவப்பு, பேரியம் பச்சை, தாமிரம் நீலம். வெள்ளைப் பளபளப்புக்கும் சத்தத்துக்கும் அலுமினியத் தூள். வெடியுப்புக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரேட்டைப் போட்டால் மருந்து சட்டென்று பற்றும், அதிரும். தீக்குச்சித் தலையில் இருப்பதும் அதே குளோரேட்தான். கந்தகத்தோடு அது சேர்ந்தால் உரசலே போதும், நெருப்பு வேண்டாம். அதனால்தான் பட்டாசில் இந்த இரண்டையும் கலக்கக்கூடாது என்று மத்திய அரசு 1992-லேயே தடை போட்டது. பரவூர் விபத்துக்குப் பிறகு விசாரணைக்காரர்களுக்கு முதலில் எழுந்த சந்தேகங்களில் இந்தக் குளோரேட்டும் ஒன்று.

இரண்டாவது உரிமம். மாவட்ட அளவில் ஒரு வாணக்காரருக்குக் கிடைக்கும் உரிமம் ஒரு நேரத்தில் 15 கிலோ வரைக்கும்தான். பதினைந்து கிலோவை வைத்துக்கொண்டு விடிய விடிய ஒரு போட்டியை நடத்த முடியாது என்பது உரிமம் கொடுத்தவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும், வேடிக்கை பார்க்கப் போகிற சின்னப் பையனுக்கும் தெரியும்.

மூன்றாவது மிச்சம்தான் பெரியது. அதற்குக் கொஞ்சம் பொறுங்கள்.

ஏப்ரல் 8

கோயில் நிர்வாகம் கம்பத்துக்கு அனுமதி கேட்டிருந்தது. கோயிலை ஒட்டிக் குடியிருந்த குடும்பம் ஒன்று, வருஷா வருஷம் வெடி அதிர்ச்சியில் வீடு சேதமாகிறது என்று புகார் கொடுத்திருந்தது. மனுவும் புகாரும் கொல்லம் கலெக்டர் அலுவலகத்தில் ஒரே கோப்பில் சேர்ந்தன.

போலீஸ் அறிக்கை வந்தது. வருவாய்த் துறை அறிக்கையும் வந்தது. இது போட்டிக் கம்பம், இடம் போதாது, சுற்றிலும் வீடுகள். 2016 ஏப்ரல் 8 அன்று கூடுதல் மாவட்ட மாஜிஸ்திரேட் அனுமதியை மறுத்து ஆணை போட்டார்.

இந்தக் கதையில் என்னை அதிகம் நிறுத்திவைப்பது இந்தத் தாள்தான். பெரும்பாலான விபத்துகளில், ‘யாரும் முன்கூட்டிப் பார்க்கவில்லை’ என்று சொல்லித் தப்பிக்கலாம். இங்கே பார்த்திருக்கிறார்கள். எழுதியிருக்கிறார்கள். கையெழுத்தும் போட்டிருக்கிறார்கள். அரசாங்கம் தன் வேலையைச் சரியாகச் செய்ததற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

அடுத்த நாள் ஏப்ரல் 9, சனிக்கிழமை. கோயிலில் கம்பத்துக்கான ஏற்பாடுகள் நிற்கவில்லை. வாய்மொழியாக அனுமதி கிடைத்துவிட்டது என்று கோயில் தரப்பில் பேசிக்கொண்டார்கள். மாநிலத்தில் அப்போது சட்டமன்றத் தேர்தல் நேரம். மே 16 ஓட்டுப்பதிவு. வாசலில் வந்து நிற்கிற திருவிழாவை நிறுத்தி ஊரின் கோபத்தைச் சம்பாதிக்க எந்தக் கட்சிக்காரருக்கும் மனசு வராத மாசம் அது.

போலீசின் முதல் அறிக்கை ஒரு மாதிரியாகவும் பின்னால் வந்தது வேறு மாதிரியாகவும் இருந்ததாகக் கலெக்டர் தரப்பு பிற்பாடு குற்றம் சொன்னது. தடையாணை இருந்தால் அதை நிறைவேற்ற வேண்டியது யார் என்ற சண்டையில் இரண்டு அலுவலகங்களும் மாறிமாறிக் கை நீட்டின. அந்தச் சண்டைக்குள் இப்போது நாம் போக வேண்டாம். ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை இரவு பந்தோபஸ்துக்கு வந்த போலீசார் கோயில் மைதானத்திலேயே இருந்தார்கள். கூட்டமும் இருந்தது. வாணமும் இருந்தது. தடையாணை மட்டும் கோப்பில் இருந்தது.

இரவு

நடுராத்திரியை ஒட்டி முதல் வாணம் மேலே போனது.

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை சத்தமான வெடி கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2005-லேயே சொல்லியிருந்தது. நான்கு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் 125 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது என்றும் விதி உண்டு. பரவூரில் அந்த இரவு யாரும் அளக்கிற மனநிலையில் இல்லை. ஆயிரக்கணக்கில் கூட்டம். மைதானத்தில், கோயில் சுவரோரத்தில், வீட்டு மாடிகளில்.

மேலே போய் வெடிக்கிற குண்டின் வேலை எளிது. இரும்புக் குழாயை மண்ணில் புதைத்து, அடியில் தூக்கு மருந்து போட்டு, அதன்மேல் குண்டை இறக்குவார்கள். திரி பற்றியதும் தூக்கு மருந்து குண்டை மேலே எறியும். அதே நொடியில் குண்டுக்குள் இருக்கும் இன்னொரு திரி எரியத் தொடங்கும். குண்டு உச்சிக்குப் போகவும் அந்தத் திரி எரிந்து முடியவும் சரியாக இருக்க வேண்டும். தூக்கு மருந்து ஈரமாகியிருந்தாலோ, அளவு குறைந்திருந்தாலோ, உள்திரி தாமதித்தாலோ, குண்டு பாதி உயரத்தில் திரும்பும். எரிந்துகொண்டே திரும்பும்.

வாணக்காரர்கள் எல்லோரும் பார்த்திருக்கிற சங்கதி இது. காலி வயலில் அது விழுந்தால் சிரித்துவிட்டு அடுத்ததைப் பற்ற வைப்பார்கள்.

பரவூரில் மைதானத்துக்குப் பக்கத்திலேயே கம்பப்புரை இருந்தது. இன்னும் விடாத வாணங்களை அடுக்கிவைக்கும் கிடங்கு. கான்கிரீட் கட்டடம்.

மணி மூன்றைத் தாண்டியது. போட்டி முடியும் கட்டத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. சரக்கில் பெரும்பகுதி தீர்ந்துவிட்டது, இன்னும் கொஞ்சம்தான் பாக்கி.

முழுதாக வெடிக்காமல் ஒன்று திரும்பி விழுந்தது. அதன் நெருப்பு கம்பப்புரையைத் தொட்டது.

திறந்த வெளியில் கிடக்கும் மருந்து பற்றினால் பெரும்பாலும் எரியும். அடைபட்ட அறைக்குள் பற்றினால் வெடிக்கும். சுவர் எவ்வளவு கெட்டியோ, வெடிப்பும் அவ்வளவு மோசம். சிவகாசித் தொழிற்சாலைகளில் மருந்து அறைகளைச் சிறிது சிறிதாக, தள்ளித் தள்ளிக் கட்டுவதும், ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்பதும் இந்த அனுபவத்தால்தான். பரவூரில் எல்லாம் ஒரே கான்கிரீட் அறைக்குள் இருந்தது. சுவரும் கூரையும் துண்டு துண்டாகி, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மேல் பாய்ந்தன. வெந்து செத்தவர்கள் ஒரு பக்கம். கான்கிரீட் அடித்துச் செத்தவர்கள் இன்னொரு பக்கம்.

மின்சாரம் போனது. அதுவரை நிறம் நிறமாக ஒளிர்ந்த மைதானத்தில், காயம்பட்டவர்களைத் தேட வெளிச்சம் இல்லை.

நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முந்நூறுக்கும் மேற்பட்டோர் காயப்பட்டார்கள். போட்டி போட்ட இரண்டு வாணக்காரர்களில் ஒருவர் பிழைக்கவில்லை.

மூன்றாவது மிச்சம்

இப்போது, பொறுக்கச் சொன்ன கணக்குக்கு வருவோம்.

பொது வாணவேடிக்கைக்கு வெடிபொருள் விதிகள் கேட்கும் பாதுகாப்பு இடைவெளி, வாணம் விடும் இடத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவே 100 மீட்டர். கேட்க அதிகமாகத் தெரியாது. நூறடி ரோட்டைப் போல் மூன்று பங்கு அகலம், அவ்வளவுதானே என்று தோன்றும்.

தாளை எடுத்துப் போட்டுப் பாருங்கள். நடுவில் வாணக்குழாய். சுற்றிலும் நூறு மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம். அதன் பரப்பு 31,400 சதுர மீட்டர். ஏக்கரில் சொன்னால் ஏழே முக்கால். கேரளத்துக்காரர்கள் நிலத்தை எண்ணும் சென்ட் கணக்கில் 776 சென்ட். அந்த வட்டத்துக்குள் வேலை செய்பவர்களைத் தவிர ஓர் ஆள் நிற்கக்கூடாது. கிடங்கு அதற்குள் இருக்கக்கூடாது. இது ஒருவர் விடும் இடத்துக்கு. இரண்டு பேர் இரண்டு பக்கம் நின்று விட்டால் அதற்கேற்ப இன்னும் கூடும்.

ஐந்து சென்டும் பத்து சென்டுமாக வீடு கட்டிக்கொண்டு வாழும் ஊரில், கோயிலை ஒட்டி ஏழே முக்கால் ஏக்கர் காலி நிலம் எங்கே கிடைக்கும்? ஊருக்கு வெளியே போக வேண்டும். வயலோ மணல்வெளியோ வாடகைக்கு எடுக்க வேண்டும். கூட்டத்தை அங்கே அழைத்துப் போகவும் கொண்டுவரவும் ஏற்பாடு செய்ய வேண்டும். தடுப்புக் கட்ட வேண்டும். தீயணைப்பு வண்டி நிற்க வேண்டும். சரக்கை ஒரே அறையில் குவிக்காமல் வண்டி வண்டியாக நேரத்துக்குக் கொண்டுவர வேண்டும். அத்தனைக்கும் செலவு உண்டு. வாணத்துக்கு ஆகும் செலவைவிட இது கூடினாலும் ஆச்சரியமில்லை.

அந்தச் செலவுக்கு எந்த நோட்டீசிலும் உபயதாரர் பெயர் வந்ததில்லை. காலி மைதானம் உபயம் என்று அச்சடித்தால் யார் பெருமைப்படுவார்? ஆக, ஊர் வெடிக்குக் கொடுத்தது. வெடி விழ வேண்டிய இடத்துக்குக் கொடுக்கவில்லை. கொடுக்காமல் விட்ட அந்த இடத்தில்தான் கூட்டம் நின்றது.

விபத்துக்குப் பிறகு தொலைக்காட்சிகளில் பல நாட்கள் ஒரு விவாதம் ஓடியது. ஆசாரம் முக்கியமா, உயிர் முக்கியமா என்று. பிசகான கேள்வி என்றே எனக்குப் படுகிறது. தேவிக்கு வாணம் வேண்டுமா வேண்டாமா என்று கலெக்டர் அலுவலகத்துத் தாள் கேட்கவே இல்லை. இடம் இருக்கிறதா என்றுதான் கேட்டது.

யார் கொடுத்தார்கள்?

கொடுக்காத செலவு வேறு வழியில் வந்து சேர்ந்தது.

பிரதமர் நரேந்திர மோதி தீக்காய மருத்துவர்களை அழைத்துக்கொண்டு அன்று பிற்பகலே வந்து இறங்கினார். முதலமைச்சர் உம்மன் சாண்டி நீதி விசாரணை அறிவித்தார். இறந்தவர் குடும்பத்துக்கு மாநில அரசு 10 லட்சம், பிரதமர் நிவாரண நிதியிலிருந்து 2 லட்சம். இறந்தவர்கள் நூறு பேர் என்று மட்டும் வைத்தாலே 12 கோடி. காயப்பட்டவர்களுக்கான சிகிச்சையும் உதவியும் தனி. கோயில் நிர்வாகிகள் மீது வழக்கு. சிலர் தாங்களாகவே சரணடைந்தார்கள், மற்றவர்களைப் பிடித்தார்கள்.

புற்றிங்கல் கம்பத்துக்கு அந்த வருஷம் எவ்வளவு செலவானது என்று யார் எப்படிக் கூட்டினாலும், மறுநாள் அரசுக் கஜானா அறிவித்த தொகை அதை விழுங்கிவிடும். தறிக்கு இவ்வளவு என்று வசூல் தருகிறவருக்கும், வாணத்தைப் பார்க்கவே போகாதவருக்கும், அந்தக் கணக்கில் பங்கு உண்டு.

இரண்டு நாள், ஐந்து நாள்

ஞாயிறு விடிகாலையில் விபத்து. கேரள உயர் நீதிமன்ற நீதிபதி வி. சிதம்பரேஷ், கோயில்களில் உயிரைக் குடிக்கும் இந்த வெடிகளைத் தடை செய்யக் கோரி நீதிமன்றத்துக்கே கடிதம் எழுதினார். ஒரு நீதிபதி மனுதாரரைப் போல எழுதிய அந்தக் கடிதத்தை நீதிமன்றம் பொதுநல வழக்காக எடுத்துக்கொண்டது.

செவ்வாய்க்கிழமை, ஏப்ரல் 12. அமர்வு இடைக்கால ஆணை பிறப்பித்தது. சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும் வரை வழிபாட்டுத் தலங்களில் பெருஞ்சத்த வெடிகள் கூடாது.

கோப்பில் தூங்கிய தாளைப் போல இதைத் தூங்க வைக்க முடியாது. நாடே பார்த்துக்கொண்டிருந்தது.

ஆனால் நாள்காட்டியையும் பார்க்க வேண்டுமல்லவா? ஏப்ரல் 17, ஞாயிற்றுக்கிழமை, திருச்சூர் பூரம். பாறமேக்காவு, திருவம்பாடி கோயில்கள் எதிரும் புதிருமாக நின்று நடத்தும், இரண்டு நூற்றாண்டுகள் கடந்த விழா. சரக்கெல்லாம் தயார். பணம் கொடுத்தாகிவிட்டது. வெடிக்கெட்டு, அதாவது வாணவேடிக்கை, இல்லையென்றால் பூரத்தை வெறும் சடங்காகச் சுருக்கிவிடுவோம் என்று திருச்சூரில் பேச்சு கிளம்பியது.

பரவூரில் இல்லாத ஒன்று திருச்சூரில் இருந்தது. வடக்குநாதர் கோயிலைச் சுற்றி, நகரத்தின் நட்டநடுவே, தேக்கின்காடு மைதானம். சுமார் 65 ஏக்கர். நம் வட்டத்தைப் போல எட்டு வட்டங்கள் போட்டாலும் மிச்சம் இருக்கும்.

ஆனால் பூரத்தின் பெரிய வெடிக்கெட்டு எத்தனை மணிக்குத் தெரியுமா? விடிகாலை மூன்று மணிக்கு. பரவூர் வெடித்த அதே நேரம். செவ்வாய்க்கிழமை ஆணை தடுத்த அதே நேரம்.

புதன்கிழமை திருச்சூர்க்காரர்கள் கொச்சிக்குக் கிளம்பினார்கள். நீதிமன்றம் எதைப் பார்க்கும்? அறுபத்தைந்து ஏக்கரையா, மூன்று மணியையா?

(தொடரும்)